திருமண வரிச்சலுகைக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் யார்? பிரித்தானியத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

லண்டன், தை 2026

பிரித்தானியாவிலுள்ள தமிழ்க் கோவில்களின் அறங்காவலர் சபையினருக்கும், வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளின் நிர்வாகத்தினருக்கும், ஊர்ச் சங்கங்களையும் பழைய மாணவர் சங்கங்களையும் நடத்திவரும் பெரியோருக்கும்,

வணக்கம்.

நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்னும் கேட்டுப் பெறாத ஒரு வரிச்சலுகையைப் பற்றியும், அதில் ஒரு முழு வருடத்துக்குரிய பணம் 2026 ஏப்ரல் 5ஆம் திகதியோடு கைவிட்டுப் போகவிருப்பதைப் பற்றியும் உங்களுக்குத் தெரிவித்து, அந்த நாளுக்கு முன் உங்கள் மண்டபங்களில் ஒரு மேசையும் நாலைந்து கதிரைகளும் போட்டுத் தரும்படி கேட்பதற்காக இம்மடலை எழுதுகிறேன். நான் கணக்காளரோ சட்டத்தரணியோ அல்லள். ஒரு பாடசாலைச் சமையலறையில் பகுதிநேரமாகப் பல வருடங்கள் வேலை செய்த பெண். என் வீட்டுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பணத்தில் ஒரு பகுதியைக் காலம் கடந்ததால் இழந்து, இன்னொரு பகுதியை அறியாமையால் பிறருக்குக் கொடுத்து, அதன் பிறகே விதிகளை உட்கார்ந்து வாசித்தவள்.

ஆங்கிலத்தில் மேரேஜ் அலவன்ஸ் என்று அழைக்கப்படும் இந்தச் சலுகை 2015 ஏப்ரல் 6ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இந்த நாட்டில் பெரும்பாலானோருக்கு வருடத்துக்கு 12,570 பவுண் வரையான வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. 2021ஆம் ஆண்டிலிருந்து மாறாமல் நிற்கும் இந்த வரம்புக்குக் கீழே உழைப்பவர், அல்லது வருமானமே இல்லாதவர், பயன்படாமல் கிடக்கும் தன் வரிவிலக்கு வரம்பிலிருந்து 1,260 பவுணைத் தன் வாழ்க்கைத் துணைக்கு மாற்றிக் கொடுக்கலாம். பெறுகிறவர் 20 சதவீத அடிப்படை விகிதத்தில் மட்டும் வரி கட்டுகிறவராக, அதாவது 12,571 பவுணுக்கும் 50,270 பவுணுக்கும் இடைப்பட்ட வருமானம் உள்ளவராக, இருக்க வேண்டும். அப்படியிருந்தால் அவருடைய வரியில் வருடத்துக்கு 252 பவுண் குறையும். கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் வாழ்கிறவர்கள் ஸ்கொட்லாந்தின் விகிதங்களின்படி வரி கட்டுவதால், அங்கே மேல் எல்லை 43,662 பவுண் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மாதக் கணக்கில் பார்த்தால் இது 21 பவுண். சிலருக்கு இது பெரிய தொகையாகத் தோன்றாது. ஆனால் ஒரே சம்பளத்தில் வாடகையும் மின்சாரமும் பிள்ளைகளின் பயணச் செலவும் கட்டுகிற வீட்டில், அது ஒரு மூட்டை அரிசியும் அந்த வாரத்து மரக்கறியும் ஆகும். அதோடு, தகுதி இருந்தும் கேட்காமல் விட்ட முந்திய நான்கு வரி வருடங்களுக்கும் (ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை ஒரு வரி வருடம்) சேர்த்து இப்போது கேட்கலாம். 2021-22 முதல் 2024-25 வரை நான்கு வருடங்களுக்கு 1,008 பவுண், நடப்பு 2025-26ஆம் வருடத்துக்கு 252 பவுண், ஆக மொத்தம் 1,260 பவுண். மாற்றப்படும் விலக்கின் தொகையும் தற்செயலாக இதே 1,260 என்பதால் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, "1,260 பவுண் ஒவ்வொரு வருடமும் வரும்" என்று நம்பி ஏமாந்தவர்களையும், "அவ்வளவு தொகை சும்மா யார் தருவார்கள், இது மோசடி" என்று ஒதுங்கியவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன்.

இனி, உங்களுக்கு எழுதத் தூண்டிய காரணத்துக்கு வருகிறேன். இந்தச் சலுகையால் வரி குறைவது கூடுதலாக உழைப்பவருக்கு. ஆனால் விண்ணப்பிக்க வேண்டியவர் குறைவாக உழைப்பவர். நம் சமூகத்தில் பெரும்பாலான வீடுகளில் அவர் மனைவி. கணவர் வேலைத்தளத்தில் யாரோ சொல்லக் கேட்டு வீட்டுக்கு வந்து தன் பெயரில் விண்ணப்பிக்கப் பார்க்கிறார். குறைந்த வருமானம் உள்ளவரே விண்ணப்பிக்க வேண்டும் என்று கண்டதும், பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார். மனைவியிடம் சம்பளச் சிட்டை இல்லை, வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.யோடு அவருக்கு ஒருநாளும் கடிதப் போக்குவரத்து இருந்ததில்லை, சிலருக்குச் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் முகவரிகூட இல்லை. ஆகவே எவரிடமிருந்து விண்ணப்பம் வர வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறதோ, அவரைத்தான் இந்தச் செய்தி எட்டுவதே இல்லை. அவரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நேரில் பார்க்கிறவர்கள் நீங்கள். அர்ச்சனைச் சீட்டு வாங்கும் வரிசையிலும், பிள்ளையைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்கும் மண்டபத்திலும் அவர் இருக்கிறார்.

விண்ணப்பிக்கும் உரிமையைச் சட்டம் அவரிடம் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. 1990 ஏப்ரல் 6ஆம் திகதி வரை இந்த நாட்டில், கணவரோடு சேர்ந்து வாழும் மனைவியின் வருமானம் வரிக் கணக்கில் பொதுவாகக் கணவரின் வருமானமாகவே கொள்ளப்பட்டது. அவளுடைய சம்பளத்துக்கும் சேமிப்பு வட்டிக்கும் அவரே பதில் சொல்ல வேண்டியிருந்தது. அன்றுதான் மனைவியும் தனி வரிதாரர் ஆனாள், தனக்கென்று ஒரு விலக்கு வரம்பையும் பெற்றாள். அந்த விலக்கு அவளுடைய சொந்த உரிமை என்பதால், அதில் ஒரு பங்கை இன்னொருவருக்கு மாற்றுவதா இல்லையா என்பதை அவளே தீர்மானிக்க வேண்டும். இதை நாம் மறந்து, மனைவியின் தேசியக் காப்புறுதி இலக்கத்தையும் கடவுச்சீட்டையும் கணவர் கொண்டுபோய் எங்கோ கொடுத்துவிட்டு வருகிற காரியமாக இந்த விண்ணப்பத்தை மாற்றிவிட்டோம்.

என் வீட்டிலும் அதுதான் நடந்தது. 2023ஆம் ஆண்டின் கோடையில் என் கணவர் இணைய விளம்பரம் ஒன்றைப் பார்த்து, வரிப்பணம் மீட்டுத் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்துக்கு எங்கள் இருவரின் விபரங்களையும் கொடுத்தார். என் முன்னே வைக்கப்பட்ட தாளில் நான் கையெழுத்திட்டேன். அது எதற்கென்று வாசிக்கவில்லை. மீட்கப்படும் பணம் முதலில் அந்த நிறுவனத்துக்கே போக வேண்டும், அவர்கள் தங்கள் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவார்கள் என்று அதில் எழுதியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முந்திய நான்கு வருடங்களுக்காக எங்களுக்கு உரித்தான 1,004 பவுணில் எங்கள் கைக்கு வந்தது 540 பவுண். அரசின் இணையத்தளத்தில் ஒரு சதமும் கட்டாமல் நானே அரை மணி நேரத்தில் செய்திருக்கக்கூடிய வேலைக்கு மீதி அத்தனையும் போயிற்று. அதற்கும் முந்திய நான்கு வருடங்கள், அதாவது சலுகை தொடங்கிய 2015-16 முதல் 2018-19 வரை, காலக்கெடு கடந்துவிட்டதால் யாராலும் மீட்க முடியாதவை ஆகிவிட்டன. அந்த வருடங்களில் சலுகையின் பெறுமதி முறையே 212, 220, 230, 238 பவுண். கூட்டினால் 900. இந்தக் கணக்கை ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இத்தகைய நிறுவனங்களின் போக்கு அரசுக்கும் தெரியும். வரித் திரும்பளிப்பைப் பெறும் உரிமையையே மூன்றாம் தரப்புக்கு எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தங்கள் 2023 மார்ச் 15 முதல் செல்லாதவை ஆக்கப்பட்டன. ஆனால், பணத்தை என் சார்பில் இன்னார் பெற்றுக்கொள்ளட்டும் என்று பெயர் குறித்துக் கொடுக்கும் வழி இன்னும் இருக்கிறது. அது சட்டபூர்வமானது. எனவே சட்டம் நம்மைக் காப்பாற்றும் என்று இருந்துவிட முடியாது. திருவிழா மலர்களிலும் கலைவிழா அரங்குகளிலும் இத்தகைய நிறுவனங்களின் விளம்பரங்களை ஏற்க வேண்டாம் என்று உங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பக்க விளம்பரத்தால் மலருக்கு வரும் வருமானம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நானும் மலர்க்குழுவில் இருந்திருக்கிறேன். கோவிலின் மலரில் வருவதைக் கோவிலே சொல்வதாகத்தான் நம் மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

தகுதி யாருக்கு உண்டு என்பதில் நான் அடிக்கடி சந்திக்கும் குழப்பங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேசையில் உட்காரப் போகிறவர்களிடம் முதலில் வரும் கேள்விகள் இவைதான். மனைவி வேலை செய்தால் இது கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, வருமானம் 12,570 பவுணுக்கு மேற்படாதிருந்தால் போதும். 11,310 பவுணுக்கும் 12,570 பவுணுக்கும் இடையில் உழைக்கிறவர் மாற்றிக் கொடுத்தால் அவர் சிறிது வரி கட்ட வேண்டி வரும், என்றாலும் குடும்பத்துக்கு மொத்தத்தில் இலாபமே. உதாரணமாக 11,800 பவுண் உழைக்கும் ஒரு பெண்ணுக்கு மாற்றியபின் 490 பவுணுக்கு வரி விழும், அது 98 பவுண்; கணவருக்கு 252 பவுண் குறைவதால் வீட்டுக்கு 154 பவுண் மிச்சம். மாற்றுவதென்றால் 1,260ஐயும் முழுதாகத்தான் மாற்ற வேண்டும், பாதியை மாற்ற முடியாது. சொந்தக் கடையை நிறுவனமாகப் பதிந்து, மனைவியை இயக்குநராக்கி, கணக்காளரின் யோசனைப்படி அவருக்குச் சரியாக 12,570 பவுண் சம்பளம் கொடுக்கிற குடும்பங்களில் மாற்றிக் கொடுக்க எதுவும் மிஞ்சாது. அவர்களுக்கு இதனால் பயனில்லை. இரண்டாவது வீட்டை இருவர் பெயரிலும் வாங்கி வாடகைக்கு விட்டிருந்தால், சேர்ந்து வாழும் தம்பதியரின் வாடகை வருமானம் பொதுவாக ஆளுக்குப் பாதியாகக் கொள்ளப்படும் என்பதால், மனைவியின் பாதியையும் அவருடைய வருமானத்தில் கூட்டிப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்காக வரும் சைல்ட் பெனிபிட் இந்தக் கணக்கில் சேராது.

ஓய்வூதியம் பெறுகிற பெற்றோரை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். புதிய அரச ஓய்வூதியம் முழுமையாகக் கிடைத்தாலும் 2025-26 வரி வருடத்தில் வாரத்துக்கு 230.25 பவுண்தான், அதாவது வருடத்துக்கு 12,000 பவுணுக்குச் சற்றுக் குறைவு. எனவே அப்பாவுக்கு வேலைத்தள ஓய்வூதியமும் சேர்ந்து வந்து வரி வெட்டுப்படுகிறது, அம்மாவுக்கு அரச ஓய்வூதியம் மட்டும், அதுவும் குறைவாக, வருகிறது என்றால் அவர்களும் தகுதியானவர்களே. இருவரில் ஒருவராவது 1935 ஏப்ரல் 6ஆம் திகதிக்கு முன் பிறந்திருந்தால் அவர்களுக்கு மேரிட் கப்பிள்ஸ் அலவன்ஸ் என்ற பழைய சலுகை வேறாக இருக்கிறது. 2025-26ஆம் வருடத்தில் அது வரியை 436 பவுண் முதல் 1,127 பவுண் வரை குறைக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் பெற முடியாது. பழையதே பெறுமதி கூடியது. தொண்ணூறு வயதைக் கடந்த தாத்தாவோ பாட்டியோ உள்ள வீடுகளைச் சங்கத்தின் மூத்தோர் பிரிவினர் அறிவார்கள். பார்வையிழந்தோருக்கான வரிவிலக்கிலும், அதைப் பெறுகிறவருக்கு அது முழுவதும் தேவைப்படாதபோது, மீதியைத் துணைக்கு மாற்றலாம் என்பதை அவர்களிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனிப் பயங்கள். கணவரின் அல்லது மனைவியின் விசாவில் வந்தவர்களின் அனுமதியில் அரச நிதியுதவி பெறக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும். இந்தச் சலுகையைக் கேட்டால் விசா நீடிப்புக்கோ நிரந்தர வதிவுரிமைக்கோ ஆபத்து வருமோ என்று பயந்து, நான் விளக்கிய பிறகும் விண்ணப்பிக்காமல் எழுந்து போன இளம் பெண்கள் இருக்கிறார்கள். குடிவரவு விதிகளில் அரச நிதியுதவி எவை என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. முன்பிருந்த டாக்ஸ் கிரெடிட் என்ற உதவிப் பணம் அந்தப் பட்டியலில் இருந்தது. மேரேஜ் அலவன்ஸ் அதில் இல்லை. அது அரசு தரும் உதவிப் பணம் அன்று. கட்ட வேண்டிய வரி குறைகிறது, அவ்வளவே. டாக்ஸ் என்ற சொல் இரண்டிலும் அடிபட்டதால் வந்த குழப்பம் இது. இதை எளிய தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு ஒட்டினாலே பாதிப் பேர் முன்வருவார்கள் என்பது என் நம்பிக்கை.

இன்னொரு பயம், விலக்கை மாற்றிக் கொடுத்தால் தன் பிற்கால ஓய்வூதியம் குறையுமோ என்பது. குறையாது. அரச ஓய்வூதியம் தேசியக் காப்புறுதிப் பதிவைப் பொறுத்தது, இந்த மாற்றம் அதைத் தொடுவதே இல்லை. மூன்றாவதாக, சம்பளச் சிட்டையில் வரிக் குறியீடு மாறுவதைப் பார்த்து மனம் பதைப்பவர்கள் உண்டு. வழக்கமான 1257எல் என்பது பெறுகிறவருக்கு 1383எம் என்றும், கொடுக்கிறவர் வேலை செய்பவராக இருந்தால் அவருக்கு 1131என் (1131N) என்றும் மாறும். அந்த 'எம்' (M), 'என்' (N) எழுத்துகள்தான் சலுகை நடைமுறைக்கு வந்துவிட்டதற்கு அடையாளம். யுனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவிப் பணம் பெறும் குடும்பங்கள் மட்டும், மொத்தமாக வரும் பழைய வருடங்களின் பணம் அந்த மாதத்துக் கொடுப்பனவைக் குறைக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்கு இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கோவில்களின் அறங்காவலர்களுக்குத் தனியாக இரண்டு விடயங்கள். முதலாவது, இந்தச் சலுகை சட்டப்படி திருமணமானவர்களுக்கும் சிவில் பார்ட்னர்ஷிப் என்ற, திருமணத்துக்கு நிகரான சட்ட உறவைப் பதிவு செய்தவர்களுக்கும் மட்டுமே உரியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், திருமணப் பதிவுக்கு அனுமதி பெறாத மண்டபத்தில், பதிவு செய்ய அதிகாரம் உள்ள ஒருவர் இல்லாமல் தாலி கட்டினால், அது நம் மனச்சாட்சிக்கும் தெய்வத்துக்கும் முன் திருமணமாக இருந்தாலும் இந்த நாட்டுச் சட்டத்தின் முன் திருமணம் அன்று. நல்ல முகூர்த்தத்தில் தாலி கட்டிவிட்டு, கவுன்சிலின் பதிவு அலுவலகத்துக்குப் பிறகு போகலாம் என்று தள்ளிப்போட்டு வருடங்களாகியும் போகாத தம்பதியரை நான் அறிவேன். வரியைவிடப் பெரிய சிக்கல்கள், முக்கியமாக மரணத்தின் போதும் பிரிவின் போதும், அதில் ஒளிந்திருக்கின்றன. மண்டபம் பதிவுசெய்ய வருகிற ஒவ்வொரு குடும்பத்திடமும் சட்டப்பதிவு எப்போது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இலங்கையிலோ இந்தியாவிலோ அந்த நாட்டுச் சட்டப்படி செல்லுபடியாகும் விதத்தில் மணம் முடித்து வந்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அத்திருமணத்தை இங்கும் ஏற்றுக்கொள்கிறார்கள். வரி வருடத்தின் நடுவில் மணம் முடித்தவர்களுக்கும் அந்த வருடத்துக்குரிய சலுகை முழுதாகவே கிடைக்கும்.

இரண்டாவது, கிஃப்ட் எய்ட். காணிக்கை கொடுக்கிறவரிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினால் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து கோவிலுக்கு வருகிறது. அந்தப் படிவத்தை நிரப்ப வைப்பதில் நம் கோவில்களின் தொண்டர்கள் நல்ல தேர்ச்சி பெற்றவர்கள். எந்த மொழியில் சொன்னால் புரியும், எந்த இடத்தில் கையெழுத்து, எந்த முகவரி என்றெல்லாம் பொறுமையாக விளக்குகிறார்கள். அதே பொறுமையும் அதே மேசையும் இந்தச் சலுகைக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இரண்டுக்கும் உண்மையான தொடர்பும் இருக்கிறது. வரியே கட்டாத மனைவியிடம் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்து வாங்கினால், கோவில் மீட்கும் வரியை அவரே அரசுக்குக் கட்ட வேண்டிய பொறுப்பு வந்துவிடும்; ஆகவே அந்தப் படிவத்தை வரி கட்டுகிறவரிடமே கொடுக்க வேண்டும். மறுபுறம், கணவரின் வருமானம் 50,270 பவுணைச் சற்றுத் தாண்டியதால் திருமண வரிச்சலுகையை இழக்கும் குடும்பத்துக்கு, அவர் கிஃப்ட் எய்ட் மூலம் கொடுத்த காணிக்கையே கைகொடுக்கலாம். 50,800 பவுண் வருமானம் உள்ளவர் அந்த வருடத்தில் 424 பவுண் காணிக்கை கொடுத்திருந்தால், அரசு சேர்ப்பதோடு அது 530 பவுணாகக் கணக்கிடப்பட்டு, அவருடைய அடிப்படை விகிதத்தின் எல்லை அந்த அளவுக்கு உயரும். அவர் மீண்டும் தகுதி பெறுவார். இதை அறிந்த குடும்பம் ஒன்றைக்கூட நான் இதுவரை சந்திக்கவில்லை.

உதவி மேசை எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பற்றி, மூன்று வருடங்களாகச் சனிக்கிழமைகளில் ஒரு தமிழ்ப் பாடசாலையின் பின் வரிசைக் கதிரைகளில் இருந்து இதைச் செய்துவந்த அனுபவத்தில் சொல்கிறேன். விண்ணப்பிப்பவரே கைத்தொலைபேசியைக் கையில் பிடித்து, தன் விரலால் தட்டச்சு செய்ய வேண்டும். தொண்டர் பக்கத்தில் இருந்து வழிகாட்ட வேண்டும், இலக்கங்களையோ கடவுச்சொற்களையோ எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது. மின்னஞ்சல் முகவரி இல்லாதவருக்கு அவர் பெயரிலேயே ஒன்றைத் திறந்து கொடுக்க வேண்டும், கணவருடையதையோ மகனுடையதையோ போடக்கூடாது. தம்பதியர் இருவரின் தேசியக் காப்புறுதி இலக்கங்களும், அடையாளத்தை உறுதிப்படுத்தக் கடவுச்சீட்டு, பி60 எனப்படும் வருட இறுதிச் சம்பளச் சான்று, சம்பளச் சிட்டை போன்றவையும் தேவைப்படும். இணையத்தில் அடையாளத்தை உறுதிப்படுத்த முடியாதவர்களுக்கு எம்.ஏ.டி.சி.எஃப் என்ற தபால் படிவம் இருக்கிறது. அதைப் பதிவிறக்கி அச்சிட்டு வைத்திருங்கள். பழைய வருடங்களின் பணம், வரி கட்டியவரான கணவரின் பெயருக்கே வரும் என்பதை இருவரும் இருக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. மனைவியின் விலக்கிலிருந்து பிறந்த பணம் அது என்பதையும் அப்போதே சொல்லுங்கள். ஒருமுறை அப்படிச் சொன்னபோது, அந்தக் கணவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்தக் காசு உங்கட அக்காவுக்கு அனுப்புறதுக்கு" என்று மனைவியிடம் சொன்னார். ஊரில் சுகவீனமாக இருந்த அக்காவுக்கு அனுப்ப அந்த மனைவி பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த பணமாம்.

விண்ணப்பித்த பிறகு நடப்பதையும் அவர்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். சலுகை ஒவ்வொரு வருடமும் தானாகத் தொடரும். மனைவிக்கு நல்ல வேலை கிடைத்து வருமானம் உயர்ந்தால், அல்லது கணவரின் வருமானம் எல்லையைத் தாண்டினால், விண்ணப்பித்தவரே அதை நிறுத்த வேண்டும். இருவரும் ஒரே விகிதத்தில் வரி கட்டத் தொடங்கிவிட்டால் ஒருவருக்குக் குறைவது மற்றவருக்குக் கூடும், வீட்டுக்கு எந்தப் பயனும் இராது. மணவாழ்வு முறிந்தவர்களிடம், இருவரில் எவரும் இதை நிறுத்தலாம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பிரிந்து போன கணவருக்குத் தன் விலக்கு இன்னும் போய்க்கொண்டிருப்பது தெரியாமல், புதிய வேலையில் கூடுதல் வரி கட்டிக்கொண்டிருந்த ஒரு சகோதரியின் சம்பளச் சிட்டையில் அந்த 'என்' (N) எழுத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். துணையை இழந்தவர்களும் விடுபடக் கூடாது. 2021 ஏப்ரல் 5ஆம் திகதிக்குப் பின் துணையைப் பறிகொடுத்தவர், தகுதி இருந்த வருடங்களுக்குத் தொலைபேசி மூலம் இன்னும் கேட்கலாம். அந்தப் பெண்கள் பெரும்பாலும் எந்த வரிசையிலும் வந்து நிற்க மாட்டார்கள். அவர்களைத் தேடிப் போய்த்தான் சொல்ல வேண்டும்.

காலம் குறைவு. 2021-22ஆம் வருடத்துக்கான 252 பவுணைக் கேட்பதற்குக் கடைசி நாள் 2026 ஏப்ரல் 5. இந்த முறை அது ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய வெள்ளி பெரிய வெள்ளி என்பதால், தொலைபேசியில் கேட்க வேண்டிய கைம்பெண்களும் தபாலில் அனுப்ப வேண்டிய முதியோரும் மார்ச் மாத நடுவுக்குள் முடித்துவிட வேண்டும். சுயதொழில் செய்வோரும் டாக்ஸி ஓட்டுவோரும் 2026 ஜனவரி 31க்குள் வரிப் படிவம் அனுப்ப ஏற்கெனவே கணக்காளரிடம் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்; மாற்றிக் கொடுப்பவரும் வரிப் படிவம் அனுப்புகிறவராக இருந்தால் அந்தப் படிவத்திலேயே இதைக் கேட்கலாம் என்று அவர்களுக்கு உடனே தெரிவியுங்கள். பொங்கல் விழாக்களில் தொடங்கி, சிவராத்திரியைத் தாண்டி, மார்ச் கடைசிச் சனிக்கிழமை வரை வார இறுதிகள் பல இருக்கின்றன.

ஹரோ, வெம்பிளி, சவுத்ஹோல் பக்கத்தில் எந்தக் கோவிலோ பாடசாலையோ மேசை போட்டாலும் நான் வந்து இருக்கிறேன். தொண்டர்களுக்கு ஒரு மாலை நேரம் பயிற்சி கொடுக்கவும், தமிழில் எழுதிய விளக்கத் தாளைத் திருத்தி அச்சுக்குத் தரவும் ஆயத்தமாக இருக்கிறேன். ஈஸ்ட் ஹாம், டூட்டிங், குரொய்டன், லெஸ்டர், பர்மிங்ஹாம் பக்கங்களில் இதே வேலையைச் செய்யக்கூடிய, வரி விடயம் தெரிந்த இளையோர் உங்கள் சங்கங்களிலேயே இருக்கிறார்கள். உங்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, எந்த வார இறுதியில் எந்த மண்டபம் என்பதைத் தீர்மானித்து அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வடமேற்கு லண்டனில் வசிக்கும்,
பாடசாலைச் சமையலறையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தாய்